என்று வைத்துக்கொள்

பச்சைப் பொட்டலம்தான் வைக்க வேண்டும். மஞ்சள் கூடாது, சிவப்பு கூடவே கூடாது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த விசாரணை அறைக்கு வரும் வழியில் உங்கள் அலுவலக நகல் இயந்திரத்தின் மீதும் ஒன்று இருப்பதைப் பார்த்தேன். தேதி சரியாக இருக்கிறது. யாரோ பொறுப்பானவர் வைத்திருக்கிறார்.

குழந்தைகள் தின்கிற தேங்காய் வாசனைச் சோளப் பொரி. அதன் பெயருக்கே 'சமத்தா இரு, சமத்தா இரு' என்றுதான் பொருள். இயந்திரத்தின் தலைமேல் வைத்தால் அது சமத்தாக ஓடும். பிரிக்கக் கூடாது, தின்னக் கூடாது, தேதி முடிவதற்குள் மாற்றிவிட வேண்டும். தைவானில், அதிலும் சின்ச்சுவில், கணினிச் சில்லு வடிவமைக்கிற எந்த அலுவலகத்திலும் இதைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்கள்தான் முதலில் தேதியைப் பார்ப்பார்கள். எங்கள் கணினி அறையில் பொட்டலம் மாற்றுவது என் பொறுப்பு. யாரும் கொடுத்ததில்லை, நானே எடுத்துக்கொண்டது.

சம்பளம் வாங்கியது வேறு வேலைக்கு. மற்றவர்கள் வரைந்த சில்லில் தப்புக் கண்டுபிடிப்பது. சரிபார்ப்பு என்பார்கள். ஒரு சில்லை ஆலைக்கு அனுப்பிவிட்டால் பிறகு அதில் ஒரு கோட்டைக்கூட அழிக்க முடியாது. அதனால் அனுப்புவதற்கு முன்பே கணினிக்குள் அதை ஓடவிட்டு, இப்படிச் செய்தால் என்ன ஆகும், அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று நோண்டிக்கொண்டே இருப்போம். வரைகிறவர்களுக்கு எங்களைப் பிடிக்காது. "பெய் அக்கா வராங்க, மாமியார் வராங்க, மூலையில தூசி இருக்கான்னு பாரு" என்பான் ஆதே. அவன் எங்கள் குழுவில் சில்லு வரைகிறவன். வாய் ஓயாதவன்.

நான் நல்ல மாமியார். நான் சரிபார்த்த எந்தச் சில்லும் ஆலையிலிருந்து ஊனமாகத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெய்யுன் கவனக்குறைவாக இருந்திருப்பாள் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நான் கவனக்குறைவாக இல்லை.

இந்தக் கடைசிச் சில்லு இன்சுலின் பம்புக்கானது. சர்க்கரை நோயாளிகள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி. மருந்தைத் துளித்துளியாக உடம்புக்குள் அனுப்பும். எவ்வளவு போனது, இன்னும் எவ்வளவு போக வேண்டும் என்று எண்ணுவது எங்கள் சில்லின் வேலை. எண்ணிக்கை தப்பினால் என்ன ஆகும் என்று இப்போது ஊருக்கே தெரியும்.

ரூசின் எங்களிடம் வந்தது புத்தாண்டு விடுமுறை முடிந்த பிறகு. அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவள். கூட ஒரு பெண் குழந்தை, ஒரு மென்பொருள். குழந்தையின் பெயர் மியன்மியன், ஏழு வயது. பிறந்த கொஞ்ச நாளிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டதாம். இந்த வேலைக்கு ரூசின் வந்ததே அதற்காகத்தான். பழைய பம்பு குழந்தைக்குப் பெரிது, கனம், தோலைப் புண்ணாக்குகிறது. எங்கள் சில்லு வைத்த பம்பு தீப்பெட்டி அளவுதான். அதை முதலில் மாட்டிப் பார்க்கும் நோயாளிகளில் தன் மகளையும் சேர்க்கச் சொல்லிப் பம்பு நிறுவனத்திடம் எழுதி வாங்கியிருந்தாள். இதை வந்த முதல் நாளே எல்லோரிடமும் சொன்னாள். அவளுக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது.

மென்பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் பழக்கப்பட்டது சோதித்துப் பார்க்கும் வழி. ஆயிரம் விதமாகச் சில்லை ஓட்டிப் பார்ப்போம், தப்பு கண்ணில் பட்டால் உண்டு. ரூசினின் மென்பொருள் ஓட்டிப் பார்க்காது, நிரூபிக்கும். எந்த நிலையிலும் தப்பு நடக்க வழியே இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டும். வழி இருந்தால், இதோ இப்படி நடக்கும் என்று படி படியாகக் காட்டிக் கொடுக்கும். என்னென்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதையும் அதுவே யோசித்துக்கொள்ளும். இப்போது எல்லா இடத்திலும் இதுதான் வருகிறது. செயற்கை அறிவு என்று சொன்னால் மேலே இருப்பவர்கள் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடுகிறார்கள்.

எங்கள் மேலாளர் லியாவ். அவரைப் பெரியண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எல்லோரையும் அறைக்கு அழைத்து, எல்லோருக்கும் பால் தேநீர் வாங்கிக் கொடுத்து, பிறகு சொன்னார்.

"யாரும் பயப்படாதீங்க. யாரையும் வீட்டுக்கு அனுப்பல. வேற வேற வேலைக்கு மாத்துறோம், அவ்வளவுதான்."

"எனக்கு என்ன வேலை பெரியண்ணே?" என்று கேட்டேன்.

"நீங்க பயனர் கையேடு எழுதலாம் பெய்யுன். உங்க எழுத்து சுத்தமா இருக்கும்."

தேநீரில் சர்க்கரை அதிகமாக இருந்தது. நான் அரைச் சர்க்கரை கேட்டிருந்தேன்.

பொட்டலத்துக்கு வருகிறேன்.

வசந்த காலத்தில் மியன்மியனின் பள்ளியில் காய்ச்சல் பரவி, ஒரு வாரம் அவள் வகுப்பை மூடிவிட்டார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் ரூசின் அவளை அலுவலகத்துக்கே கூட்டி வந்தாள். முதல் நாள் கணினி அறையில் நாங்கள் நின்று பேசிக்கொண்டிருந்தபோது குழந்தையின் கை நடுங்க ஆரம்பித்தது. முகம் வெளுத்து வேர்த்தது. சர்க்கரை இறங்கிவிட்டது. ரூசின் பையைத் துழாவினாள். பழச்சாறு காரில் இருந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கணினியின் மேலிருந்து பச்சைப் பொட்டலத்தை எடுத்துக் கிழித்துக் குழந்தையின் வாயில் திணித்தாள்.

அறையில் யாரும் மூச்சு விடவில்லை. குழந்தைக்காக இல்லை என்று இப்போது சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். குழந்தைக்காகவும் பொட்டலத்துக்காகவும்தான். ஆதே மட்டும் ஓடிப்போய் யாருடைய மேசையிலிருந்தோ தேநீரைக் கொண்டுவந்தான். குழந்தை குடித்தாள். கொஞ்ச நேரத்தில் கன்னத்தில் நிறம் வந்தது. ரூசின் தரையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். பிறகு கையிலிருந்த பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"பெய் அக்கா, இது உங்க பொறுப்புன்னு சொன்னாங்களே."

"ஆமா."

"இதோட தேதி போன மாசமே செத்துப் போச்சுக்கா."

அவள் சிரித்தாள். பயம் விட்டுப்போன சிரிப்பு என்று ஆதே பிறகு சொன்னான். இருக்கலாம். எல்லோரும் சிரித்தார்கள்.

"அதான் கம்ப்யூட்டர் வாராவாரம் படுத்துக்குதா?" என்றான் ஆதே. "மாமியாருக்கே கண்ணு போச்சுன்னா வீடு என்னத்துக்கு ஆகும்?"

பெரியண்ணன் கதவோரம் நின்றிருந்தார். "தப்புக் கண்டுபிடிக்கிறவங்க நீங்க. தேதி கண்ணுல படலையா பெய்யுன்?"

"விடுங்க பெரியண்ணே," என்றாள் ரூசின். "என் மென்பொருள்கிட்ட விட்டிருந்தா பிடிச்சிருக்கும்."

நானும் சிரித்தேன். அத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறை தவறியது. கையேடு எழுதப் போவதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த மாதம் அது. மாலையில் போய்ப் புதுப் பொட்டலம் வாங்கி வைத்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. தப்பைத்தான் கவனிப்பார்கள். அது எனக்குத் தெரியாததல்ல, அதுதானே என் தொழில்.

அந்த வாரம் முழுக்கக் குழந்தை என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ரூசினுக்குக் கூட்டத்துக்கு மேல் கூட்டம். "அக்கா, கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று விட்டுவிட்டுப் போவாள். அம்மா என்னை அக்கா என்பதால் குழந்தை என்னைப் பெரியம்மா என்றாள். அவள் என்ன பேசினாள் என்று நேற்று கேட்டீர்கள். நினைவில்லை என்று சொன்னேன்.

அப்போது என் வேலை, ரூசினின் மென்பொருளுக்கு உலகத்தைச் சொல்லிக் கொடுப்பது. அது எல்லாவற்றையும் நம்பிவிடும். வெள்ளை மனது. மின்சாரம் ஒரு நொடிக்குள் நூறு முறை போய் வந்தால், மூன்று பொத்தான்களை ஒரே சமயத்தில் அமுக்கினால், என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு தப்பு, தப்பு என்று அலறும். அதனால் அதற்கு வரி வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். 'மூன்று பொத்தான்கள் ஒரே சமயத்தில் அமுக்கப்படாது என்று வைத்துக்கொள்.' உடனே அது அந்தத் திசையில் பார்ப்பதை நிறுத்திவிடும். கேள்வி கேட்காது. வைத்துக்கொள் என்றால் வைத்துக்கொள்ளும். நாங்கள் இந்த வரிகளை 'வச்சுக்கோ' என்போம்.

எது நடக்கும், எது நடக்காது என்று தெரிந்தவர்தான் வச்சுக்கோ எழுத முடியும். பெரியண்ணன் என்னிடம் சொன்னார். "உங்க அனுபவம் பூரா அதுக்குள்ள இறக்கிடுங்க பெய்யுன். அப்புறம் நீங்க நிம்மதியா இருக்கலாம்."

ஒவ்வொரு அலறலாகப் பார்த்தேன். பெரும்பாலும் வெட்டி. எழுதி அடக்கினேன். வார மத்தியில் ஒன்று வந்தது. படிகளைப் படித்தேன். மருந்து போய்க்கொண்டிருக்கிறது. பாதியில் பேட்டரியைக் கழற்றுகிறார்கள். புதிது போடுகிறார்கள். சில்லு விழிக்கிறது. எவ்வளவு போனது என்ற கணக்கு அழிந்துவிட்டது, எவ்வளவு போக வேண்டும் என்ற கணக்கு மட்டும் அழியவில்லை. அதனால் முழு மருந்தையும் முதலிலிருந்து மறுபடி செலுத்துகிறது. செலுத்தியது சரிதான் என்று திரையில் காட்டுகிறது.

அது வெட்டி இல்லை. நிஜமான தப்பு. ஆதே வரைந்த இடத்தில்தான் இருந்தது. எங்கள் பழைய வழியில் ஓட்டிப் பார்த்திருந்தால் ஒருவேளை கண்ணில் பட்டிருக்காது. அந்த மென்பொருள் நல்லது என்பதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை.

நான் எழுதினேன். 'மருந்து போகும்போது பேட்டரி கழற்றப்படாது என்று வைத்துக்கொள்.'

நியாயமான வரி. படித்துப் பாருங்கள். பயனர் கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது, மருந்து போகும்போது பேட்டரியைக் கழற்றக் கூடாது என்று. கையேட்டை எழுதியது நான்தான்.

இப்படி ஒவ்வொரு வச்சுக்கோவையும் ரூசின் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். அதற்கு நேரம் குறித்தது நான். அடுத்த வாரம், பள்ளி திறந்த பிறகு, மதியம் அங்கே சாப்பாடு முடிகிற சமயம். அந்த நேரத்தில் தினமும் பள்ளியிலிருந்து அவளுக்குப் போன் வரும், குழந்தையின் சர்க்கரை அளவைச் சொல்லி எவ்வளவு மருந்து என்று கேட்பார்கள். அன்றும் வந்தது. அவள் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு என் திரையை வேகமாகத் தள்ளிப் பார்த்தாள்.

"இதெல்லாம் நீங்க எழுதினதுதானேக்கா?"

"ஆமா."

"அப்ப சரியாத்தான் இருக்கும். ஹலோ, டீச்சர், நூடுல்ஸ் எவ்வளவு சாப்பிட்டா? முழுசுமா?"

ஒப்புக்கொண்டுவிட்டாள். திரை முழுக்கப் பச்சைக் குறிகள் வந்தன. நிரூபிக்கப்பட்டது, நிரூபிக்கப்பட்டது, நிரூபிக்கப்பட்டது. ரூசின் என் தோளைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு என்மேல் நம்பிக்கை இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்த அதே மனுஷிக்கு. இது எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது, நம்புவதாக இருந்தால் முன்பே நம்பியிருக்கலாம்.

என் திட்டம் என்ன என்று கேட்டீர்கள். திட்டம் என்பது பெரிய வார்த்தை. சில்லு ஆலையிலிருந்து திரும்பி வரும். சோதனைக் கூடத்தில் யாராவது ஒருவர் பேட்டரியைக் கழற்றிப் பார்ப்பார். தப்பு வெளியே வரும். நிரூபித்ததாகச் சொன்ன மென்பொருளைப் பெரியண்ணன் ஒரு பார்வை பார்ப்பார், பிறகு ரூசினைப் பார்ப்பார். பிறகு, பெய்யுன் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாள் என்று யாராவது சொல்வார்கள். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரே ஒருவர் அதைச் சொன்னால் போதும்.

சோதனைக் கூடத்தில் கழற்றிப் பார்க்கவில்லை. நிரூபிக்கப்பட்ட விஷயத்தை எதற்குச் சோதிப்பது என்று அங்கும் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். பம்பு நிறுவனமும், சில்லே எண்ணிக்கொள்வதால், தங்கள் பக்கம் இருந்த இரண்டாவது கணக்கை எடுத்துவிட்டார்கள். பேட்டரி கொஞ்சம் அதிக நேரம் வருமாம். இதெல்லாம் நான் செய்யவில்லை. அவர்களையும் நீங்கள் விசாரிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சில்லு நன்றாக வேலை செய்கிறது என்று செய்தி வந்ததும் பெரியண்ணன் எல்லோரையும் சூப்புக் கடைக்கு அழைத்துப் போனார். நடுவில் கொதிக்கிற பானை, சுற்றி நாங்கள். வெளியே சின்ச்சுக் காற்று கடையின் பெயர்ப் பலகையை ஆட்டிக்கொண்டிருந்தது. குழந்தையும் வந்திருந்தாள். என் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பன்றி இறைச்சி உருண்டை பிடிக்கும். நான்தான் ஊதி ஊதிக் கொடுத்தேன்.

"அடுத்த வாரம் புதுப் பம்பு மாட்டப் போறாங்க, மகாராணிக்கு," என்றான் ஆதே. "நான் வரைஞ்ச சிப்பு. அதிகாரம் தூள் பறக்கும்."

"நீ வரைஞ்சதுன்னாதான் எனக்குப் பயமே," என்றாள் ரூசின்.

"அப்ப நிரூபிச்சது யாரு? நீதானே?"

"அதனாலதான் நிம்மதியா இருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. கரண்டியால் பானையைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பிறகு குழந்தையின் தலைக்கு மேலாக என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. மென்பொருள் சொல்றத விடுங்க. நீங்க சொல்லுங்க. உங்க பொண்ணா இருந்தா மாட்டுவீங்களா?"

"ஏன், உன் மென்பொருள் மேலேயே உனக்கு நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு. ஆனா உங்க வாயால கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

நான் ஒரு காளானை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"மாட்டு," என்றேன்.

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. "தேங்க்ஸ்க்கா," என்றாள்.

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், வேறு யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் மரியாதையாக நடத்துகிறீர்கள், மதியம் சாப்பாட்டுப் பெட்டியில் கோழிக்காலே வைத்துக் கொடுத்தீர்கள். அதனால் சொல்கிறேன். அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல முடியும் என்று யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்பாள். எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். பொட்டலத்தைப் பார்த்த மாதிரி. பானை கொதித்துக்கொண்டிருந்தது. என் எதிரே அத்தனை முகங்கள்.

தவிர, யாரும் கழற்றப் போவதில்லை என்றுதான் நான் நம்பினேன். கையேட்டில் இருக்கிறதே.

இல்லை. அது சரியல்ல. நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதை அடிக்க வேண்டும் என்றால் அடித்துவிடுங்கள்.

குழந்தை என்ன பேசினாள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வகுப்பு மூடியிருந்த அந்த வாரம், ஒரு மதியம். வழக்கமான குட்டித் தூக்கத்துக்காக எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டு மேசையில் தலைவைத்துப் படுத்திருந்தார்கள். அவள் தன் பழைய பம்பைக் காட்டினாள்.

"பெரியம்மா, இங்க பாரு. பேட்டரி தீர்ந்துச்சுன்னா இது கத்தும். நானே மாத்திடுவேன். டீச்சர்கூட வேணாம்."

"மருந்து போயிட்டு இருக்கும்போது கத்தினா?"

"அப்பவும்தான்."

"முடியறவரைக்கும் காத்திருக்க மாட்டியா?"

"தூங்கற நேரத்துல சத்தம் போட்டா டீச்சர் திட்டுவாங்க. கத்துச்சுன்னா உடனே டக்குனு கழட்டி டக்குனு போட்டுடுவேன். ஒருத்தருக்கும் தெரியாது." பிறகு பெருமையாகச் சொன்னாள், "நான் ரொம்ப சமத்து."

நான் அவளிடம் கேட்ட இரண்டு கேள்விகளும் சரிபார்ப்பவளின் கேள்விகள். இருபது வருடம் நான் செய்த வேலை அதுதான், நடக்காது என்று எல்லோரும் சொல்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு, நடந்தால், என்று கேட்பது. நல்ல கேள்விகள்தான். பதிலும் தெளிவாக வந்தது. விளக்கு போட்டார்கள். நான் என் திரைக்குத் திரும்பினேன். அலறிக்கொண்டிருந்த அந்தத் தப்பு அப்படியே இருந்தது. அப்போதுதான் அந்த வரியை எழுதினேன்.

ஆமாம். கேட்ட பிறகு.

பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. புதுப் பம்பு மாட்டிக் கொஞ்ச நாள்தான். பள்ளியில் மதியச் சாப்பாடு, நூடுல்ஸ். மருந்து போக ஆரம்பித்தது. எல்லாப் பிள்ளைகளும் மேசையில் கைமேல் தலைவைத்துப் படுக்கிற நேரம். பம்பு கத்தியது. அவள் டக்கென்று கழற்றி டக்கென்று போட்டாள். மருந்து முதலிலிருந்து மறுபடி போனது. அந்தப் பேட்டரியும் பழையதாம், பென்சில் டப்பாவில் கிடந்தது. அது கத்தியதும் இன்னொரு முறை மாற்றியிருக்கிறாள். தூங்கும் நேரம் முடிந்து பாட்டுப் போட்டார்கள், எல்லோரும் எழுந்தார்கள், அவள் எழவில்லை. அசதியாகத் தூங்குகிறாள் என்று ஆசிரியை விட்டுவிட்டாராம். அடுத்த வகுப்பு பாதி முடிந்த பிறகுதான் தொட்டுப் பார்த்திருக்கிறார். பம்பு எந்தச் சத்தமும் போடவில்லை. அதன் கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது.

மருத்துவமனைக்கு நானும் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. மியன்மியன் கண் திறக்கவில்லை. அவளுக்காக இயந்திரம்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ரூசின் நடைபாதையில் தரையில் உட்கார்ந்திருந்தாள், அன்று கணினி அறையில் உட்கார்ந்த மாதிரியே. என்னைப் பார்த்ததும் என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நான்தான்க்கா. நான்தான் நிரூபிச்சேன். என் பொண்ணை நானே..."

"அப்படிச் சொல்லாதே."

"ஒரு தப்பும் இல்லன்னு காட்டுச்சுக்கா. எல்லாம் பச்சையா இருந்துச்சு."

அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் முழுக்கப் பொய்யும் இல்லையே. படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டது அவள்தான். போனை வைத்துவிட்டுப் படித்திருக்கலாம்.

என்னைக் காட்டிக் கொடுத்தது ஆதே இல்லை. அவன் அழுதுகொண்டே உட்கார்ந்து, எழுதியிருந்த எல்லா வச்சுக்கோவையும் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு மென்பொருளை ஓடவிட்டிருக்கிறான். என் வரியை எடுத்ததும் அது அப்படியே, படி படியாகச் சொல்லிவிட்டது. அதற்கு என்மேல் கோபம் கிடையாது. கேட்டால் சொல்லும், கேட்காவிட்டால் வைத்துக்கொள்ளும். ஆதே என் மேசைக்கு வந்து நின்றான். அவன் வாய் ஓய்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"பெய் அக்கா," என்றான் கடைசியில். "இந்த வச்சுக்கோ, நீங்க தெரியாம வச்சதுதானே?"

அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவிட்டேன். தெரிந்துதான் வைத்தேன். அவள் கழற்றுவாள் என்று தெரியும், எப்போது கழற்றுவாள் என்று தெரியும், கழற்றினால் என்ன ஆகும் என்றும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். என் எழுத்து சுத்தமாக இருக்கும் என்பார்கள், வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு நான் வெறுங்கையோடு போகவில்லை. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்த செவிலியிடம் ஒரு பச்சைப் பொட்டலம் கொடுத்தேன். அவர் தயங்காமல் வாங்கி மியன்மியனின் மூச்சு இயந்திரத்தின் மேல் வைத்தார். அங்கேயும் வைப்பார்களாம். அந்த இயந்திரம் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. வெள்ளிக்கிழமை காலை மருத்துவர்களே அதை நிறுத்தும்வரை சமத்தாக ஓடியது. தேதியை இரண்டு முறை பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். அந்தப் பொட்டலத்தில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.